பழைய வால்வு ப்ரீஆம்ப்: மாற்றங்களுக்கு முன் பழுது பாருங்கள்

கேள்வி: 1960 வாக்கில் செய்யப்பட்ட வால்வு ஃபோனோ ப்ரீஆம்ப் (இசைத்தட்டு முள்ளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கி ஆம்ப்ளிஃபையருக்குத் தரும் கருவி) ஒன்று வாங்கியிருக்கிறேன். பாடுகிறது. ஆனால் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல், குரலில் தெளிவும் போதவில்லை. கப்ளிங் கெபாசிட்டர்களை விலை உயர்ந்த ரகத்துக்கு மாற்றி, பவர் சப்ளை கெபாசிட்டர்களை மூன்று மடங்கு பெரிதாக்கி, அரிதான பழைய ஜெர்மன் வால்வுகள் போட்டுத் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். செலவழிக்கலாமா?

பதில்: அந்தப் பட்டியலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இன்று உங்கள் காதில் விழுவதில் பாதி, வயதாகிப்போன உதிரிகளின் சத்தம். அது புதிதாக இருந்தபோது எப்படிப் பாடியது என்று உங்களுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது. முதலில் பழுது பாருங்கள். ஒரு மாதம் ஆற அமரக் கேளுங்கள். மாற்றத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உறுமலுக்கு வழக்கமான காரணம் பவர் சப்ளையில் காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். அதே மதிப்புக்குப் புதியது போட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்று மடங்கு பெரிதாக்குவதில் ஆபத்து உண்டு. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் வால்வாக இருந்தால், அதற்கு அடுத்து வரும் முதல் கெபாசிட்டருக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் ரெக்டிஃபையர் அடி வாங்கும்.

தெளிவு குறைவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது காகிதக் கப்ளிங் கெபாசிட்டர்களை. ஒரு வால்வின் பிளேட்டில் (பெருக்கிய சிக்னல் வெளியேறும் முனை) நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி நிற்கும். அதை அடுத்த வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) விடாமல், பாட்டை மட்டும் கடத்துவதுதான் கப்ளிங் கெபாசிட்டரின் வேலை. கிரிட் பக்கம் மீட்டர் வைத்தால் டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் கெபாசிட்டர் கசிகிறது, அடுத்த வால்வின் பயஸ் (அது சரியாக வேலை செய்யத் தேவையான நிலை வோல்டேஜ்) கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் 400 அல்லது 630 வோல்ட் தாங்கும் நல்ல பாலிப்ரோப்பிலீன் கெபாசிட்டர் போட்டால் போதும், வித்தியாசம் காதுக்கே தெரியும். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ரகத்துக்குப் போனால் அதே அளவு முன்னேற்றம் கிடைக்காது.

கார்பன் ரெசிஸ்டர்களையும் அளக்கச் சொல்லுங்கள். வயதாக ஆக இவற்றின் மதிப்பு மேலே ஏறும். என் ப்ரீஆம்ப்பில் இடது பக்கம் மட்டும் மந்தமாகவே இருந்தது. வால்வை மாற்றி மாற்றிப் போட்டுச் சலித்த பிறகுதான் 100 கிலோஓம் என்று வண்ணக்கோடு போட்டிருந்த பிளேட் ரெசிஸ்டரை அளந்தேன். 138 காட்டியது!

தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் ஆர்ஐஏஏ பகுதி, அதாவது இசைத்தட்டின் பேஸ்-ட்ரெபிளைச் சரிசெய்யும் பகுதி. 1954-இல் வந்த அந்த முறைப்படி, இசைத்தட்டில் வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றுகிறார்கள். ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாக்குகிறது: 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் கூட்டல், 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் குறைப்பு. பழைய கருவிகளில் 10 சதவீதம் வரை முன்பின் இருக்கும் உதிரிகள் சகஜம். இங்கே 1 சதவீத ரெசிஸ்டர்களும், இரு சேனலுக்கும் அளந்து ஜோடி சேர்த்த கெபாசிட்டர்களும் போட்டால் பாடுபவர் இரு ஸ்பீக்கருக்கும் நடுவில் அசையாமல் நிற்பார்.

வால்வு விஷயத்தில் அவசரம் வேண்டாம். விலை உயர்ந்த பழைய வால்வுகளில் பெயரை அழித்து வேறு பெயர் அச்சடித்தவை நிறையப் புழங்குகின்றன. இருக்கும் வால்வுகளை (12ஏஎக்ஸ்7 என்ற ரகம்), பாட்டு இல்லாமல் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்தது போல் கேட்டால் அது மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வை மைக் போலப் பிடிக்கிறது. அதை முதல் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, அமைதியானதை அங்கே போடுங்கள். முள்ளிலிருந்து சில மில்லிவோல்ட்தான் வருகிறது, அங்கே சேரும் இரைச்சல் கடைசிவரை பெருகிக்கொண்டே போகும்.

வேலையைக் கொடுக்கும்போது மாற்றும் உதிரிகளின் பட்டியலையும், முன்னும் பின்னும் அளந்த வோல்டேஜ்களையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய உதிரிகளை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். சேசிஸில் புதிதாக ஓட்டை போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள், மறுவிற்பனை மதிப்பு போய்விடும். நீங்களே திறக்க நினைத்தால் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடித்து, மீட்டரில் பார்த்து உறுதிசெய்யாமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: அதே காலத்து ப்ரீஆம்ப்பைப் புது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தேன். பேஸே இல்லை. ப்ரீஆம்ப் கெட்டுவிட்டதா?

பதில்: அநேகமாக இல்லை, ஜோடிதான் சேரவில்லை. அன்றைய ஆம்ப்ளிஃபையர்களின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அவை காட்டும் எதிர்ப்பு) பல லட்சம் ஓம். இன்று 10 கிலோஓம் கூட சாதாரணம். ப்ரீஆம்ப்பின் அவுட்புட் கெபாசிட்டர் 0.05 மைக்ரோஃபாரட் என்று வையுங்கள். 470 கிலோஓமுக்கு முன்னால் அது சுமார் 7 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டும். 10 கிலோஓமுக்கு முன்னால் 318 ஹெர்ட்ஸிலேயே வெட்டத் தொடங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போவது இதனால்தான். கெபாசிட்டரை மட்டும் பெரிதாக்கினால் பாதிக் கிணறு தாண்டியது போல, ஏனென்றால் 12ஏஎக்ஸ்7 அவ்வளவு கரண்ட் தராது. 100 கிலோஓம் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபையர் தேடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு பஃபர் (ப்ரீஆம்ப்புக்குப் பாரம் தராமல் சிக்னலை அப்படியே கடத்தும் சர்க்யூட்) வையுங்கள்.

கேள்வி: ஒலி அளவு அதிகமாக இருப்பதால் ஃபோனோ பகுதியில் 12ஏஎக்ஸ்7-க்குப் பதில் 12ஏயூ7 போடலாமா? பின்கள் ஒன்றுதானே?

பதில்: பொருந்தும், எரியும், ஆனால் போடாதீர்கள். முன்னதன் பெருக்கம் 100, பின்னதன் பெருக்கம் சுமார் 20. ஃபீட்பேக் மூலம் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பி விட்டு) ஆர்ஐஏஏ செய்யும் சர்க்யூட்டில் அந்தப் பெருக்கம் குறைந்தால் முதலில் பேஸ் சரியும். ஒலி அளவைக் குறைக்க வேண்டுமானால் ஃபோனோ பகுதியைத் தாண்டி, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் குறையுங்கள்.