கூலி கேட்ட கோமாளி

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் என் எட்டு வயது மகனுடன் சாப்ளினின் 'தி சர்க்கஸ்' பார்த்தேன். கயிற்றின் மேல் குரங்குகள் ஏறும் காட்சியில் விழுந்து விழுந்து சிரித்தவன், படம் முடிந்ததும் "அவர் ஏம்மா வண்டியில் ஏறவில்லை?" என்று கேட்டு முகம் வாடிப்போனான். ராஜ் கபூரின் 'மேரா நாம் ஜோக்கர்', கமலின் அப்பு என்று சர்க்கஸ் கோமாளி வரும் படங்கள் எல்லாமே ஏன் சோகத்தில் போய் நிற்கின்றன? சிரிப்புக்குப் பின்னால் கண்ணீர் என்பதுதான் நகைச்சுவையின் விதியா? விலங்குகளை வைத்து வேடிக்கை காட்டும் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா? இந்த வகையில் வேறு நல்ல படங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

உங்கள் மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். படம் முடிந்த பிறகும் அதில் வந்த மனிதன் எங்கே போவான் என்று கவலைப்படுகிற பிள்ளையை நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். கோபமெல்லாம் உங்கள் மேல்தான். 'சிரிப்புக்குப் பின்னால் கண்ணீர்' என்ற தொடரை எங்கிருந்து பிடித்தீர்கள்? தயவுசெய்து தூக்கி எறியுங்கள். கோமாளிக்காக உச்சுக்கொட்டிவிட்டால் அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நம்மை நம்பவைக்கும் சோம்பேறித்தனமான எண்ணம் அது.

ராஜ் கபூர் 1970இல் எடுத்த படத்தில் அந்தக் கண்ணீர் உண்டு, மறுக்கவில்லை. தாய் இறந்த துக்கத்தோடு அதன் கோமாளி மேடையில் சிரிக்க வைப்பான். அப்புவின் கதை பழிவாங்கும் கதை. அதை இங்கே இழுக்க வேண்டாம். சாப்ளினின் 1928ஆம் ஆண்டுப் படம் இந்த இரண்டோடும் சேராது. அது கூலியைப் பற்றிய படம். சில நாட்களுக்கு முன்புதான் அதை மறுபடியும் பார்த்து, இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே பாருங்கள். பசியோடு அலைகிற நாடோடி (சாப்ளின்தான்), ஒரு தகப்பனின் தோளில் சாய்ந்திருக்கும் குழந்தையின் கையில் இருக்கும் ரொட்டியைக் கடிக்கிறான். குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அதன்மேல் கடுகுச் சாந்தைத் தடவி மறுபடியும் கடிக்கிறான். திருட்டுத் தீனிக்கும் ருசி பார்க்கிற பசி அது! சர்க்கஸ் முதலாளியின் வளர்ப்பு மகள் காகித வளையத்தைத் தாண்டுவதில் தவறிவிட்டாள் என்று அவளுக்கு இரவுச் சாப்பாடு கிடையாது. மறுநாள் நாடோடியின் ரொட்டியை எடுத்து அவள் விழுங்குகிற வேகத்தைக் கவனித்தீர்களா?

அடுத்து, சம்பளம் வராததால் சாமான் தூக்கும் ஆட்கள் வேலையை விட்டுப் போகிறார்கள். அந்த இடத்தில்தான் நம் ஆள் நுழைகிறான். சிரிக்க வைக்கச் சொன்னால் அவனுக்கு வராது. தட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடி வந்து விழுந்தால் கூடாரமே அதிர்கிறது. கூட்டம் வருவதே அவனுக்காகத்தான் என்பது முதலாளிக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெரியாத வரையில் சாமான் தூக்குகிறவனின் கூலியே போதும். உண்மையைப் போட்டு உடைக்கிறவள் அந்தப் பெண். உடனே அவன் என்ன செய்கிறான்? அழவில்லை. சம்பளத்தை உயர்த்தச் சொல்லி முதலாளியிடம் பேரம் பேசுகிறான்.

உங்கள் மகன் சிரித்த கயிற்றுக் காட்சியிலும் இது இருக்கிறது. ஆள் விழுந்து செத்துவிடுவானே என்று கேட்கப்படும்போது, அவன் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன் என்கிறான் முதலாளி. குரங்குகளைப் பார்க்கிற அவசரத்தில் நாம் இதைத் தவறவிடுகிறோம்.

படம் எடுக்கும்போது சாப்ளினுக்கு விவாகரத்து வழக்கு நடந்தது, 1926இல் ஸ்டூடியோ தீப்பிடித்தது என்று எழுதி, அந்தத் துயரம்தான் படத்தில் கசிகிறது என்பார்கள். நான் வேறு கணக்குப் பார்க்கிறேன். ஏழு வயதில் லண்டன் லாம்பெத் ஏழைகள் விடுதியில் சேர்க்கப்பட்டவர் அவர். 1914இல் கீஸ்டோன் படக் கம்பெனியில் வாரம் 150 டாலர் வாங்கினார். 1916இல் மியூச்சுவல் கம்பெனியோடு வாரம் 10,000 டாலருக்கும், அதற்கு மேல் 1,50,000 டாலர் போனஸுக்கும் ஒப்பந்தம் போட்டார். தன் சிரிப்புக்கு என்ன விலை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த நடிகர் அன்றைக்கு யார் இருந்தார்? அவர் எடுத்த சர்க்கஸ் படத்தில் சம்பளப் பேச்சு தற்செயலாக வந்துவிடுமா?

எங்கள் ஊரில் சர்க்கஸ் முகாமிடும் மைதானத்தை ஒட்டி அப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். இரண்டாம் ஆட்டம் முடிந்து, தலைச்சேரிப் பக்கத்து ஜோக்கர் ஒருவர் வருவார். காதுமடலுக்குப் பின்னால் வெள்ளைப் பூச்சு துடைபடாமல் ஒட்டியிருக்கும். எங்களைச் சிரிக்க வைப்பார் என்று நாங்கள் காத்திருப்போம். அவரோ அப்பாவின் பற்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். பார் கம்பியில் விளையாடுகிறவன் செய்வதை எல்லாம் நானும் செய்யவேண்டும், செய்யத் தெரியாதவன் போலவும் செய்யவேண்டும், சம்பளம் மட்டும் அவனுக்குப் பாதி என்பார். அவர் குரலில் சோகம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எரிச்சல் இருந்தது, நியாயமான எரிச்சல். முகாம் கிளம்பியபோது சம்பளப் பாக்கியை நிர்வாகம் அவருக்குக் கொடுக்கவில்லை. அப்பா அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டார். அவருடைய மனத்துக்குள் என்ன வேதனையோ என்று பேசியவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். பாக்கி வந்ததா என்று கேட்டவர் அப்பா ஒருவர்தான்.

விலங்குகள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சிங்கம், புலி, கரடி, குரங்குகளை நம் சர்க்கஸ்களில் தடைசெய்தது சரியே. அதற்காகப் பழைய படத்தைப் பூட்டி வைக்கவேண்டியதில்லை. பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. மார்க்ஸ் சகோதரர்களின் 'அட் தி சர்க்கஸ்' (1939) காட்டுங்கள். அவர்களுடைய சிறந்த படம் அல்ல, ஆனால் பையன் சிரிப்பான். அதிலும் கதையை ஓட்டுவது திருடுபோன 10,000 டாலர்தான்.

மகன் கேட்டதற்கு வருகிறேன். கடைசியில் நாடோடியால் கூட்டத்தைச் சிரிக்க வைக்க முடியவில்லை, வேலையும் போய்விட்டது. மறுபடியும் வண்டியில் இடம் கிடைப்பது அந்தப் பெண்ணும் அவள் கணவனும் கேட்டுக்கொண்டதால். அது அவன் உழைப்புக்கு வந்த அழைப்பு அல்ல. தன் விலை தெரிந்த பிறகு ஒருவன் அப்படி வந்த இடத்தில் எப்படிப் போய் உட்காருவான்? இதை அவனிடம் சொல்லுங்கள், எட்டு வயதுக்குப் புரியும்.