ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வின் ரீடிங் (வாசிப்பு) பகுதியில் 'ஃபால்ஸ்' (தவறு), 'நாட் கிவன்' (பத்தியில் தகவல் இல்லை) என்ற இரண்டு விடைகளையும் எப்படிப் பிரித்தறிவது?

நிறையப் பேர் வழுக்கி விழும் இடம்தான் இது. பத்தியில் 'சிட்னி துறைமுகப் பாலம் 1932இல் திறக்கப்பட்டது' என்று இருக்கிறது. கேள்வி '1940இல் திறந்தார்கள்' என்றால் ஃபால்ஸ்; பத்தியே அதை மறுக்கிறது. 'நினைத்ததைவிடச் செலவு அதிகமானது' என்று கேட்டு, பத்தியில் செலவைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் நாட் கிவன். பாலத்தைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை இங்கே கொண்டுவரக் கூடாது. விஷயம் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்!

சரி, பயிற்சி? முதல் சில நாட்கள் கடிகாரத்தை மறந்துவிட்டு, ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். கோடு போட வரியே அகப்படவில்லையா, நாட் கிவன் என்று எழுதிவிட்டு நகருங்கள். அப்புறம்தான் நேரக் கணக்கு: 60 நிமிடம், 40 கேள்வி. விடைத்தாளில் எழுதுவதும் அதற்குள்ளேயே.