பழைய ப்ராசசர், புது கார்டு: ஜோடி சேருமா?

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது ஐ5-4570, 16 ஜிபி ராம், 1080பி மானிட்டர். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒரு வெப்சைட்டில் போட்டுப் பார்த்தால் "பாட்டில்நெக்" (ஒரு பாகம் மற்றதைத் தடுப்பது) இத்தனை சதவீதம் என்று பயமுறுத்துகிறது.

முதலில் அந்தச் சதவீதத்தை மறந்துவிடுங்கள் தம்பி. ஒரே கம்ப்யூட்டரில் வேலரன்ட் விளையாட்டு ஓடும்போது ப்ராசசர் திணறும், சைபர்பங்க் 2077-ஐ அல்ட்ராவில் (உச்ச தரத்தில்) போட்டால் கார்டு திணறும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு எண் எப்படிச் சொல்ல முடியும்?

திரையில் வரும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எதை எங்கே வரைய வேண்டும் என்று ப்ராசசர்தான் தயார் செய்து கொடுக்கிறது, கார்டு வரைகிறது. சித்தாள் கலவை கொண்டுவந்து கொடுக்கிற வேகத்தில்தான் சுவர் ஏறும். கொத்தனார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சட்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

உங்கள் 4570 வந்தது 2013-இல். நான்கு கோர், நான்கே த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்). இதற்கு நான் 4060-க்குப் பதில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 வாங்கச் சொல்வேன். 8 ஜிபி மெமரி, 132 வாட். காரணம் விலை மட்டுமல்ல. டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் என்விடியா டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), ஏஎம்டி டிரைவரைவிடப் பொதுவாக ப்ராசசருக்கு அதிக வேலை வைக்கும். புது ப்ராசசரில் இது பெரிதாகத் தெரியாது, நான்கு த்ரெட்டில் தெரியும். மிச்சமாகும் பணத்தில் பழைய ஐ7-4770 கிடைத்தால் அதே சாக்கெட்டில் போட்டுவிடுங்கள். கோர் நான்குதான், ஆனால் த்ரெட் எட்டு. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃப்ரேம்கள்) கொஞ்சம்தான் ஏறும், ஆனால் நடுநடுவே வரும் வெட்டல் நன்றாகவே குறையும்.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் தடுப்பது கார்டா, ப்ராசசரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் 55 சதவீதம்தான் காட்டுகிறது, அப்போது அது சும்மாதானே இருக்கிறது?

இந்த 55-ஐ நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். அது எல்லாக் கோர்களின் சராசரி. நான்கில் ஒரு கோர் 100-இல் முட்டிக்கொண்டு நின்றாலும் மொத்தக் கணக்கு பாதிதான் காட்டும்.

வழி சுலபம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, கார்டின் பயன்பாட்டையும் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகத் திரையில் வரவையுங்கள். வழக்கமாக விளையாடும் இடத்தில் எஃப்பிஎஸ்-ஐக் குறித்துக்கொண்டு, ரெசல்யூஷனை மட்டும் 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டுதான் தடை, புதுசு வாங்கலாம். அசையாமல் அப்படியே நின்றால் ப்ராசசர், எந்தக் கார்டு போட்டாலும் அந்த எண் தாண்டாது. மற்ற செட்டிங்கில் கை வைக்காதீர்கள். நிழல், தூரத்துப் பொருள்கள் இவற்றைக் குறைத்தால் ப்ராசசரின் சுமையும் சேர்ந்து குறையும், சோதனை கெட்டுவிடும். சோதிக்கும்போது, எஃப்பிஎஸ்-ஐ மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க்கையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: சார், ஆபீஸில் கழித்துவிட்ட ஒல்லியான கேபினட் ஒன்று வாங்கினேன். ஐ5-2400. கார்டுக்குத் தனி பவர் ஒயர் கிடையாது. ஆர்எக்ஸ் 6400 சரிவருமா?

கேபினட்டுக்குச் சரியாகப் பொருந்தும், வேகத்துக்கு ஆகாது. 53 வாட்தான், ஒல்லி கேபினட்டுக்கான லோ புரொஃபைலிலும் (உயரம் குறைந்த கார்டாக) கிடைக்கிறது. ஆனால் அது மதர்போர்டோடு பேசுவது நான்கே லேனில் (தரவு போகும் பாதையில்). கார்டைச் செருகும் பிசிஐ இணைப்பு 4.0 ரகமாக உள்ள புது போர்டில் இந்த நான்கில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். உங்கள் 2011-ஆம் ஆண்டு ப்ராசசரில் இருப்பது பிசிஐ 2.0, அதில் 2 ஜிபிதான். கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் மிச்சத்தை இந்தச் சந்து வழியாகத்தான் இழுத்தாக வேண்டும், அப்போது படம் நின்று நின்று வரும். லோ புரொஃபைல் ஜிடிஎக்ஸ் 1650 தேடுங்கள், அது 16 லேன். பவர் ஒயர் கேட்காத மாடல்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இன்டெல் ஆர்க் கார்டு மலிவாக இருக்கிறதே, நான்காம் தலைமுறை ஐ7-க்குப் போடலாமா?

வேண்டாம். ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே நேரத்தில் எட்ட உதவும் வசதி) இல்லாத போர்டில் ஆர்க் பாதி உயிரோடுதான் ஓடும்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆர்எக்ஸ் 580 சொல்கிறார்கள். எடுக்கலாமா?

2022 செப்டம்பரில் எத்தீரியம் (கிரிப்டோ நாணயம்) மைனிங் நின்றபோது கொட்டிய கார்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கடையிலேயே, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஷேடர் (கார்டுக்குள் இருக்கும் சிறு கணக்குப் பிரிவுகள்) 2304 இருந்தால் அசல் 580. 2048 என்றால் அதே பெயரில் வந்த குறைந்த ரகம். அப்புறம், இது 185 வாட் குடிக்கும், அடுத்த பதிலையும் படித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: என் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 450 வாட். ஐ5-4570-உடன் ஆர்எக்ஸ் 6600 தாங்குமா?

எந்த 450? பக்கவாட்டு லேபிளைப் பாருங்கள். பெரிய எழுத்தை விட்டுவிட்டு, 12 வோல்ட் என்று இருக்கும் கட்டத்தைப் படியுங்கள். கேபினட்டோடு சேர்ந்து வந்த ஒன்றில் நான் பார்த்தது 14 ஆம்பியர். 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட். கார்டுக்கு 132, ப்ராசசருக்கு 84, இரண்டே சேர்ந்து 216. கணக்கு அங்கேயே உதைக்கிறது. அதில் கார்டு கேட்கும் 8 பின் பவர் ஒயரும் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரிலிருந்து மாற்றிக் கொடுக்கும் இணைப்பைக் கடைக்காரர் நீட்டுவார், வாங்காதீர்கள். அந்த மெல்லிய பின்கள் அவ்வளவு கரண்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல, பிளாஸ்டிக் உருகும். நல்ல எஸ்எம்பிஎஸ்-க்குப் பணம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கார்டு பாருங்கள்.

கேள்வி: ரைசன் 5 1600 ப்ராசசர் வைத்திருக்கிறேன், பி350 போர்டு. எனக்கு என்ன வழி?

உங்களுக்குக் கவலையே இல்லை. பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் பெரும்பாலான பி350 போர்டுகள் ரைசன் 5 5600-ஐ ஏற்கும். உங்கள் மாடலுக்கு உண்டா என்று போர்டு கம்பெனியின் பட்டியலில் பார்த்துவிட்டு, பழைய ப்ராசசர் போர்டில் இருக்கும்போதே அப்டேட்டை முடியுங்கள். கார்டு பிறகு.

கேள்வி: புதுக் கார்டு போட்டால் விண்டோஸ் 11 வருமா?

வராது. பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அதைத் தடுப்பது ப்ராசசரும் டிபிஎம்-உம் (பாதுகாப்பு வசதி), கார்டு அல்ல.

கேள்வி: நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தாயிற்று அண்ணா. ஆர்எக்ஸ் 6600 போட்டும் முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு இழுக்கிறது.

ஐந்து நிமிடம் என்ற வார்த்தையிலேயே விடை இருக்கிறது. ப்ராசசர் சூட்டைப் பாருங்கள். 100 டிகிரியை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் மச்சான் வீட்டிலும் இதே கதை. கார்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பலகையைக் கழற்றினால், ப்ராசசர் ஃபேனின் நான்கு கால்களில் ஒன்று போர்டில் பதியாமல் தூக்கிக்கொண்டிருந்தது, உள்ளே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து பொடியாகக் கொட்டியது. பழையதைத் துடைத்து, பேஸ்ட் புதிதாக வைத்து, "டக்" என்று சத்தம் வரும்வரை காலை அழுத்தினோம். கார்டைக் கடையில் திருப்பிக் கொடுக்க வைத்திருந்த பில்லை அவன் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான்.