ஞாயிறு என்று போட்டிருந்தாலும் ரயிலுக்குப் பதிவு செய்யாதீர்கள்

கேள்வி: சூரிச்சில் வசிக்கிறோம். 11 வயது மகன் இத்தாலியக் கால்பந்து அணியான இன்டர் மிலானின் ரசிகன். மிலான் நகரின் சான் சிரோ மைதானத்தில் இன்டர் – யுவென்டஸ் ஆட்டம் ஞாயிறு என்று அட்டவணையில் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் வேறு யாருடைய பெயரிலோ உள்ள இரண்டு டிக்கெட்டைத் தருகிறேன், பெயரையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்கிறார். வாங்கலாமா? ரயிலுக்கு இப்போதே பதிவு செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

முதலில் தேதி. இத்தாலியின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான சீரீ ஆ லீக்கில் 20 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை மோதும். ஆக 38 சுற்றுகள். கோடையில் வரும் அட்டவணை, எந்தச் சுற்றில் யாரோடு யார் என்பதை மட்டும்தான் முடிவு செய்கிறது. ஞாயிறு என்று அதில் இருந்தால் அந்த வார இறுதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவிலிருந்து திங்கள் இரவு வரை எப்போது வேண்டுமானாலும் ஆட்டம் விழலாம். நாளையும் நேரத்தையும் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பார்த்து லீக் பிறகு தவணை தவணையாக அறிவிக்கும். அடுத்த செவ்வாய் இன்டருக்கு ஐரோப்பிய கிளப்புகளின் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் ஆட்டம் இருந்தால், இது பெரும்பாலும் வெள்ளிக்கோ சனிக்கோ நகர்ந்துவிடும்.

பெரிய ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் இரவு 8.45 தான். முடியப் பத்தரை தாண்டும். அன்றிரவு சூரிச்சுக்குத் திரும்ப முடியாது. மறுநாள் பையனுக்குப் பள்ளி இருந்தால் என்ன செய்வீர்கள்? பிள்ளைகளோடு தூரத்திலிருந்து வருகிறவர்களைப் பற்றி லீக்குக்குக் கவலையே இல்லை. நாளைக்கூடச் சொல்லாமல் சுற்று அட்டவணையைக் கொண்டாட்டமாக வெளியிடுவது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் எரிச்சலைத் தருகிறது.

டிக்கெட் விஷயத்தில் இதைவிடக் கவனம் வேண்டும். பெரிய மைதானங்களில் டிக்கெட்டில் பார்வையாளர் பெயர் இருக்க வேண்டும் என்பது 2005 முதல் இத்தாலியில் விதி. சான் சிரோவில் வெளி வேலியிலேயே ஊழியர்கள் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கூட்டம் நெருக்கும்போது சிலரைப் பார்க்காமல் விடுவதும் உண்டு. இடைத்தரகர்கள் பிழைப்பதே அந்தச் சிலரை வைத்துத்தான். உங்களைத் தடுத்துவிட்டால், பணம் வாங்கியவர் கூட வந்து நிற்கப் போவதில்லை. பையன் அழுதுகொண்டு மெட்ரோவுக்குத் திரும்புவான். மிலானில் டிக்கெட் மறுவிற்பனை சில்லறை வியாபாரமும் இல்லை. 2024 செப்டம்பரில் இன்டர், அதே ஊரின் இன்னொரு கிளப்பான ஏசி மிலான் இரு தரப்புத் தீவிர ரசிகர் கூட்டத் தலைவர்களையும் போலீஸ் கைது செய்த வழக்கில் அதுவும் விசாரணைக்கு வந்தது.

அடுத்தவர் டிக்கெட்டில் போக ஒரே ஒரு நேர்வழி, பெயர் மாற்றம். இதை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், நிதானமாகப் படியுங்கள். கிளப்பின் அதிகாரபூர்வத் தளத்தில், முதலில் வாங்கியவரின் கணக்கிலிருந்துதான் மாற்ற முடியும். மாற்றியதும் உங்கள் பெயரில் புதிய டிக்கெட் வர வேண்டும். பழைய டிக்கெட்டின் படம், வாங்கியவரின் அடையாள அட்டை நகல், 'மாற்றிவிட்டேன்' என்ற வாட்ஸ்அப் செய்தி, இதெல்லாம் பெயர் மாற்றம் ஆகாது. எல்லா டிக்கெட்டுக்கும் இந்த வசதி இருக்காது. சிறுவர் கட்டணத்தில் எடுத்ததைப் பெரியவருக்கு மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பரிடம், பணம் கொடுக்கும் முன் இரண்டு புதிய டிக்கெட்டையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நாள் உறுதியானதும் இன்டரின் தளத்தில் விற்பனை எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். யுவென்டஸ் ஆட்டத்துக்கு உறுப்பினர்களுக்கே முதல் வாய்ப்பு என்பதால், பொது விற்பனை வரை காத்திருந்தால் அடுத்தடுத்து இரண்டு இருக்கை கிடைப்பது கடினம். உறுப்பினராகச் சேர்வது பற்றி இப்போதே யோசியுங்கள். வடக்கு முனையில் இரண்டாம் அடுக்கு வேண்டாம். தீவிர ரசிகர்களின் இடம் அது, ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்கள், பையனுக்கு ஆட்டம் கண்ணுக்கே தெரியாது. டிக்கெட் கைக்கு வந்தபின் ரயில், ஒரு இரவுக்கு விடுதி. மகனின் பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள், அவன் டிக்கெட்டிலும் பெயர் இருக்கும்.