ஸ்லைடுகளும் பயிற்சி வகுப்புகளும்: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மேலதிகாரிகள் முன் 20 நிமிடத்தில் ஒரு திட்டத்தை விளக்க வேண்டும். என்னிடம் 42 ஸ்லைடுகள் இருக்கின்றன. எத்தனையை வைத்துக்கொள்ளலாம்? (ஒயிட்ஃபீல்டு)

பதில்: கேட்கப்போகிறவர்கள் யார், கேட்ட பிறகு அவர்கள் என்ன முடிவெடுக்க வேண்டும் என்ற இரண்டையும் விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன. நிதி ஒப்புதல்தான் தேவை என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு தொகை, எதற்காக, எந்தத் தேதிக்குள் என்பதை முதல் ஸ்லைடிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பின் ஆறேழு ஸ்லைடுகள் போதும். மற்றவற்றைப் பின்னிணைப்பில் வைத்திருந்து, கேள்வி எழுந்தால் மட்டும் திறக்கலாம். 20 நிமிடம் என்று சொல்லியிருந்தால் 12 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். முந்தைய கூட்டம் எப்படியும் இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: நல்ல பிபிடி டெம்ப்ளேட் ஒன்றை அனுப்ப முடியுமா? (ஊரும் பெயரும் இல்லை)

பதில்: இயலாது. உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்; அதிலுள்ள அலங்காரத்தை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஆபரேட்டர்களுக்கு, நுண்ணிய அளவுகளை எடுக்கும் வெர்னியர் கருவியில் பயிற்சி கொடுக்கிறேன். தமிழ், கன்னடம், இந்தி பேசுபவர்கள் கலந்திருக்கிறார்கள். எல்லோரும் புரிந்ததாகத் தலையாட்டுகிறார்கள். மறுநாள் அதே தவறு நடக்கிறது. (பீன்யா)

பதில்: மேற்பார்வையாளர் எதிரில் நின்று "புரிந்ததா?" என்று கேட்டால், புரியவில்லை என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வராது. அந்தக் கேள்வியையே கைவிடுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், புதிய தொழிலாளர்களை விரைவாகத் தயார்ப்படுத்துவதற்காக, 1940 முதல் 1945 வரை அமெரிக்காவில் 'டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டம் நடந்தது. ஆளைத் தயார்ப்படுத்துவது, வேலையைச் செய்துகாட்டுவது, அவரையே செய்யவைத்துப் பார்ப்பது, பிறகு தொடர்ந்து கவனிப்பது என்று நான்கு படிகளை அது வகுத்தது. நம் தொழிற்சாலைகளில் நடக்கும் பயிற்சி பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே தேநீர் இடைவேளைக்குக் கலைந்துவிடுகிறது.

ஒரே ஷாஃப்ட்டை (சுழல்தண்டை) மூன்று பேரிடம் கொடுத்து, ஒருவர் அளந்ததை மற்றவர் பார்க்காதபடி துண்டுத்தாளில் எழுதச் சொல்லுங்கள். 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியரில் 24.96, 25.02, 25.10 என்று மூன்று விதமாக விடை வரும். ஒருவர் பொருளைக் கவ்வும் தாடைகளை அழுத்திப் பிடித்திருப்பார், ஒருவர் கருவியைச் சற்றே சாய்த்திருப்பார், மற்றொருவர் தாடைகளை மூடிப் பூஜ்ஜியம் பொருந்துகிறதா என்று பார்க்காமலே தொடங்கியிருப்பார். வேறுபாடு ஏன் வந்தது என்பதை அவரவர் மொழியில் அவர்களையே விவாதிக்க விடுங்கள். பயிற்சி அங்கேதான் நடக்கிறது. மொழிபெயர்க்கத் தனியாள் தேவையில்லை. மூன்று மொழியும் பேசும் மூத்த ஆபரேட்டர் ஒருவராவது எந்த ஷாப் ஃப்ளோரிலும் இருப்பார்.

கேள்வி: ஹெச்.ஆர். பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நம் பேச்சின் தாக்கத்தில் 7 சதவீதம்தான் சொற்கள், 38 சதவீதம் குரல், 55 சதவீதம் உடல்மொழி என்று வகுப்பில் சொன்னார்கள். இதை என் ஸ்லைடில் எப்படிக் காட்டலாம்? (கோரமங்களா)

பதில்: காட்டவே கூடாது. இந்தக் கணக்கை மேற்கோள் காட்டாத மென்திறன் பயிற்சியாளரை இந்நகரில் காண்பது அரிதாகிவிட்டது என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் தம் சகாக்களுடன் வெளியிட்ட இரு ஆய்வுகளிலிருந்து இந்த எண்கள் வந்தன. அவற்றில் பங்கேற்றவர்களுக்குக் கேட்கக் கொடுக்கப்பட்டவை ஒலிப்பதிவு செய்த ஒற்றைச் சொற்கள். ஓர் ஆய்வில் கூடவே முகங்களின் புகைப்படங்களும் இருந்தன. சொல்பவருக்கு எதிராளியின் மீது விருப்பமா வெறுப்பா என்று ஊகிப்பதே அவர்கள் வேலை. அரை மணி நேர விற்பனை அறிக்கையைப் பற்றியோ, தீயணைப்புக் கருவியை இயக்கும் முறையைப் பற்றியோ அந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. உணர்ச்சிகளையும் மனப்பான்மைகளையும் பற்றிய பேச்சுக்கு வெளியே தம்முடைய இந்தச் சதவீதக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். இந்தக் கணக்கு உண்மையானால், மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கும் தமிழர் எவரும் கன்னடம் கற்கவே வேண்டியதில்லை. நடத்துநரின் முகத்தைப் பார்த்தே பேருந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டிருப்போம்.

இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. படிப்பதில் 10 சதவீதமும் கேட்பதில் 20 சதவீதமும் செய்வதில் 90 சதவீதமும் நினைவில் நிற்கும் என்று கூறும் முக்கோணப் படம் அது. அதற்கு மூலமாகச் சொல்லப்படும், அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வெளியிட்ட கூம்பு வடிவப் படத்தில் சதவீதம் ஒன்றுகூட இல்லை. பிற்பாடு யாரோ எண்களை ஒட்டிவிட்டார்கள். உண்மையான அளவீடுகள் இவ்வளவு அழகாகப் பத்தின் மடங்குகளாகவே வருமா என்று ஒரு கணம் யோசித்திருந்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பொறியாளர்கள் நிறைந்த அறையில் இத்தகைய படத்தைக் காட்டினால், விவரம் அறிந்த ஒருவர் எழுந்து கேட்கும் ஒரே கேள்வியில் அன்றைய வகுப்பு முழுவதும் நம்பகத்தன்மையை இழந்துவிடும். பெரிய நிறுவனமொன்றில் பணத்தைக் கொட்டி அச்சிட்ட கையேட்டின் முதல் பக்கத்திலேயே இந்த இரு படங்களும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்; சுட்டிக்காட்டியபோது, "பங்கேற்பாளர்களுக்குப் பிடிக்கிறதே" என்பதுதான் பதிலாக வந்தது. யார், யாரை, எப்படி அளந்தார்கள் என்று சொல்ல முடியாத எண்ணை ஸ்லைடில் போடாதீர்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் நாக்கு வறண்டுவிடுகிறது. முழு உரையையும் மனப்பாடம் செய்யலாமா? (மாரத்தஹள்ளி)

பதில்: வேண்டாம். ஒரு சொல் மறந்தால் எல்லாமே நின்றுவிடும். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குக் குறிப்புச் சொற்கள் போதும். சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலைக் கணக்கில் கொண்டு முன்னதாகக் கிளம்பி, அரை மணி நேரம் முன்பே அறைக்குப் போய், மடிக்கணினியைப் புரொஜெக்டரில் இணைத்துப் பார்த்துவிடுங்கள். மூச்சிரைக்க ஓடிவந்து டைப்-சி அடாப்டரைத் தேடுபவருக்கு எந்த மொழியிலும் நாக்கு வறளத்தான் செய்யும்.

கேள்வி: என் வகுப்புகளுக்குக் கருத்துப் படிவத்தில் 5க்கு 4.8 கிடைக்கிறது. ஆனாலும் பயிற்சியால் பயனில்லை என்கிறார் துறைத் தலைவர். (எலக்ட்ரானிக் சிட்டி)

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு நிலைகளைச் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலை செய்யும் முறை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. உங்கள் படிவம் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. மதிய உணவு நன்றாக இருந்தாலே அது உயரும். வகுப்புக்கு முன்பே துறைத் தலைவரிடம் போய், எந்தத் தவறு குறைய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஆறு வாரம் கழித்து அதையே எண்ணிப் பாருங்கள். பங்கேற்பாளர்கள் யார், என்ன வேலை செய்கிறார்கள் என்பதை நீங்களும் எழுதவில்லை.

கேள்வி: இணைய வகுப்பில் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். (ஹெப்பால்)

பதில்: கேமராவுக்காக மல்லுக்கட்டாமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை சாட்டில் எண்ணாகவோ ஒற்றைச் சொல்லாகவோ விடை எழுதவையுங்கள். எழுதாதவரைப் பெயர் சொல்லி, கனிவாக அழையுங்கள்.

கேள்வி: ஸ்லைடில் எழுத்தின் அளவு என்ன இருக்க வேண்டும்? (ஜெயநகர்)

பதில்: 24 புள்ளிக்கு (பாயிண்ட்) கீழே போக வேண்டாம். ஆனால் அறையின் அளவைப் பொறுத்து இது மாறும் என்பதால், முன்னதாகவே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து நீங்களே படித்துப் பாருங்கள். முப்பது வரி எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டிவிட்டு, "சரியாகத் தெரியாது, மன்னிக்கவும்" என்று சொல்வதற்குப் பதில், அதை அச்சிட்டு ஆளுக்கொரு தாளாகக் கொடுத்துவிடலாம்.