வாடகை பாக்கிக்கு நோட்டீஸ்: ஒரு பக்கம் போதும், நீங்களே எழுதலாம்

திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாடி போர்ஷனை மாதம் 9,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறேன். ஏப்ரலில் இருந்து வாடகை வரவில்லை. ஜூனில் மட்டும் ஜி-பேயில் 4,000 அனுப்பினார். கேட்டால் 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்கிறார். வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர், 15,000 கொடுத்தால் ஆளை வைத்துக் காலி செய்து தருவதாகச் சொல்கிறார். தண்ணீரை நிறுத்தினால் தானாகப் போய்விடுவார் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நானே நோட்டீஸ் எழுதி அனுப்பலாமா? அதில் என்ன எழுத வேண்டும்?"

அம்மா, நீங்களே எழுதலாம். வக்கீல் கையெழுத்து இருந்தால்தான் செல்லும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழிலேயே எழுதலாம். எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும், அவருக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும். அவ்வளவுதான்.

எழுதுவதற்கு முன்னால் அந்தப் புரோக்கரை நிறுத்துங்கள். இருபது வருடமாக இந்த வழக்குகளைப் பார்க்கிறேன். வீட்டு ஓனர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான். ஆளை வைத்துப் பூட்டை உடைத்தால், வாடகை தராதவர் புகார்தாரராகிவிடுவார், நீங்கள் எதிர்மனுதாரராகிவிடுவீர்கள். புரோக்கர் அன்றைக்குப் போனை எடுக்கமாட்டார். தண்ணீர், கரண்ட் நிறுத்துவதும் கூடாது. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத் தெளிவாகவே தடை செய்கிறது. ஒரு வால்வைத் திருகப் போய், கையில் இருந்த நல்ல வழக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள்.

இன்னொரு பொறி, ஜெராக்ஸ் கடையில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் 'ரெடிமேட் நோட்டீஸ்'. பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றித் தருவார்கள். போன வருடம் ஒருவர் கொண்டுவந்ததில் '1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தாகி வருடக்கணக்காகிறது! புதியதாக அனுப்பி, முதலிலிருந்து நாள் எண்ண வேண்டியதாயிற்று.

சரி, கணக்குக்கு வருவோம். நோட்டீஸின் உயிர் கணக்கில்தான் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம், மாதம் 9,000 என்றால் 45,000. அதில் வந்த 4,000-ஐக் கழித்தால் 41,000. இதை மாதவாரியாக, வருடத்தோடு எழுதுங்கள். 'சுமார் அரை லட்சம்' என்று எழுதாதீர்கள். அவர் தந்த 4,000-ஐ விட்டுவிடவே விடாதீர்கள். அந்த ஒரு ஜி-பே ஸ்கிரீன்ஷாட்டை வைத்தே 'இவர் கணக்கு பொய்' என்று அவருடைய வக்கீல் ஆரம்பிப்பார். ஒப்பந்தத்தில் வட்டி பேசியிருந்தால் சேருங்கள். பேசவில்லையென்றால் நீங்களாக ஒரு வட்டி விகிதத்தைக் கற்பனை செய்து போட வேண்டாம்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"நான் உரிமையாளராக உள்ள (முழு முகவரி) வீட்டின் மாடிப் பகுதியில் மாதம் ரூ.9,000 வாடகைக்கு நீங்கள் குடியிருந்து வருகிறீர்கள். ஏப்ரல் (வருடம்) முதல் ஆகஸ்ட் (வருடம்) வரையிலான ஐந்து மாத வாடகை ரூ.45,000-இல் (மாதவாரிக் கணக்கு கீழே), ஜூன் மாதம் நீங்கள் செலுத்திய ரூ.4,000 போக, ரூ.41,000 பாக்கி உள்ளது. இந்த நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். தவறினால், பாக்கியை வசூலிக்கவும் வீட்டின் சுவாதீனத்தைப் பெறவும் வாடகை நீதிமன்றத்தில் மனு செய்வேன். வாடகை பாக்கியை முன்பணத்தில் கழிக்க நான் சம்மதிக்கவில்லை."

தேதி, ஊர், கையெழுத்து. போதும். அவர் குடும்பத்தைப் பற்றியோ, ராத்திரி லேட்டாக வருவதைப் பற்றியோ ஒரு வரி கூட வேண்டாம்.

கடிதத்தின் கடைசி வாக்கியம் ஏன் என்றால், அட்வான்ஸ் என்பது காலி செய்யும் நாளில் சேதம், பாக்கி பார்த்துத் திருப்பித் தருவதற்கான பணம். குடியிருந்துகொண்டே அதை வாடகையாகக் கழிக்கச் சொல்லும் உரிமை அவருக்குக் கிடையாது. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் 'ஒப்புக்கொண்டார்' என்பார்.

இப்போது நிதானமாகப் படிக்க வேண்டிய இடம், அந்த 'ஒரு மாதம்'. இரண்டு மாத பாக்கி இருந்து, நோட்டீஸ் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டவில்லை என்றால்தான் இந்தக் காரணத்தில் காலி செய்யச் சொல்ல முடியும். நீங்கள் அனுப்பிய நாளிலிருந்து அல்ல, அவருக்குக் கிடைத்த நாளிலிருந்து கணக்கு. 28-ஆம் நாள் 41,000-ஐயும் கட்டிவிட்டால், இந்தக் காரணத்தைச் சொல்லி அவரை வெளியேற்ற முடியாது. உங்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். ஆனால் இந்தச் சலுகை ஒருமுறைதான். ஒருமுறை தப்பித்தவர், அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடி வாடகை நிறுத்தினால், இரண்டாம் தடவை அதே சலுகையைக் கேட்க முடியாது. அதனால் அவர் முழுவதும் கட்டினாலும் நோட்டீஸையும் பணம் வந்த தேதியையும் பத்திரமாக வையுங்கள். 41,000-க்குப் பதில் 15,000 அனுப்பினால்? வாங்கிக்கொள்ளுங்கள். உடனே 'பழைய பாக்கியில் வரவு, மீதி 26,000' என்று வாட்ஸ்அப்பில் பதில் போடுங்கள். பாதிப் பணம் அவரைக் காப்பாற்றாது. வாங்க மறுத்தால்தான், 'கொடுத்தேன், வாங்கவில்லை' என்று சொல்ல அவருக்கு இடம் கிடைக்கும்.

தபாலில் அனுப்பும்போது ஸ்பீட் போஸ்ட் போடுங்கள். பழைய பதிவுத் தபாலை 2025-இல் அதோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் 'ரெஜிஸ்ட்ரேஷன்' வசதியும் டெலிவரி அத்தாட்சியும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரசீதைக் கையோடு ஜெராக்ஸ் எடுங்கள், சில மாதத்தில் எழுத்து மங்கிப்போகும். வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்பலாம், ஆனால் அது மட்டும் போதாது.

பதினோரு மாத முத்திரைத்தாள் ஒப்பந்தம்தான் இருக்கிறது, வாடகை அதிகாரியிடம் பதியவில்லை என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பாதிப் பேர் கதை இதுதான். முறையான ஒப்பந்தம் போடாததே வீட்டைத் திரும்பக் கேட்க இன்னொரு காரணமாக அதே சட்டத்தில் இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தில் கலக்க வேண்டாம், மனுப் போடும்போது வக்கீல் பார்த்துக்கொள்வார். மனு போட்ட பிறகு வாய்தா மேல் வாய்தா வரும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஒப்பந்தத்தைப் பதியும் வாடகை அதிகாரி துணை கலெக்டர், ஆனால் காலி செய்யக் கேட்கும் மனுவை விசாரிப்பது வாடகை நீதிமன்றம். அங்கே மேஜையில் நூறு வழக்கு. ஓய்வூதியத்தோடு இந்த வாடகையை நம்பி மாத்திரை வாங்குகிறவர்களுக்கு இது எவ்வளவு கொடுமை என்று அரசுக்கு உறைக்கவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் ஐந்து மாதம் பொறுக்காமல், இரண்டாவது மாதமே நோட்டீஸ் அனுப்பச் சொல்லி எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

அவர் தபாலை வாங்க மறுத்தால் பயப்படாதீர்கள். சரியான முகவரிக்கு அனுப்பியதை வாங்க மறுத்தால், பொதுவாகக் கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கவர் 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு உங்களிடமே திரும்பி வரும். அதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஒட்டியது ஒட்டியபடி, தபால்காரர் எழுதிய குறிப்போடு ஃபைலில் வையுங்கள். நீதிபதி முன்னால்தான் அதைப் பிரிக்க வேண்டும்.