ஒடுங்கிய மயிர்த்துளைக் குழாயில் குருதி ஏன் மெதுவாகப் பாய்கிறது?

உயர்தர உயிரியல் படிக்கும் கல்முனை மாணவர் ஒருவர், குழாய் ஒடுங்கினால் வேகம் கூட வேண்டுமல்லவா என்று கேட்டிருக்கிறார்.

வளர்ந்தவரின் பெருநாடி இதயத்தை விட்டுப் புறப்படும் இடத்தில் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் விட்டமுடையது. மயிர்த்துளைக் குழாயோ 5 முதல் 10 மைக்குரோமீற்றர் மட்டுமே. ஆகையால் 7 அல்லது 8 மைக்குரோமீற்றர் அகலமான செங்குழியங்கள் பல இடங்களில் உடலை வளைத்து, ஒன்றன்பின் ஒன்றாகவே நுழைகின்றன. ஆனால் ஒரு குழாயை மட்டும் பார்த்து வேகத்தைக் கணிப்பது பிழை. அம்பாறையில் பெருவாய்க்காலில் இரைந்து வரும் நீர், கிளை கிளையாகப் பிரிந்து வயலுக்குள் இறங்கும்போது தளர்ந்துவிடுவதை நாம் அறிவோம். அதுபோலவே, கோடிக்கணக்கான மயிர்த்துளைக் குழாய்களின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு பெருநாடியினதைவிடப் பல நூறு மடங்கு என்பதால், குருதி அங்கே செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரோ அதற்கும் குறைவாகவோதான் நகர்கிறது. ஒற்றைக் கலப்படையாலான சுவரைக் கடந்து ஒட்சிசன் இழையங்களைச் சேர அந்த அவகாசம் தேவை.